மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளுக்குக் கல் பாடம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலைக்காற்று (கோத்தகிரி) | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன நர்சரியில் டீச்சராக இருக்கிறேன். என் வகுப்பில் 17 பிள்ளைகள், எல்லாம் மூன்றரையிலிருந்து ஐந்து வயசுக்குள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ‘கல்லும் மண்ணும்’ என்று வைத்திருக்கிறோம்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஒரே மாதிரி. கல்லுக்குக் கண் ஒட்டு, பெயின்ட் அடி, பெயர் வை. அதுவும் வேண்டும்தான், ஆனால் அது ஓவிய வகுப்பு. கல்லைப் பற்றி அதில் ஒன்றும் தெரிந்துகொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் ஒரு வீடியோவைப் பார்த்து வினிகர் சோதனை செய்தேன். கல்லின் மேல் வினிகர் ஊற்றினால் பொங்கும் என்றார்கள். தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் கிடந்த ஏழெட்டுக் கல்லைக் கழுவி, தட்டில் வைத்து, பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஊற்றினேன். ஒரு குமிழி வரவில்லை. சாக்பீஸ் பொங்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் அதன் மேலும் ஊற்றினேன். அதுவும் சும்மா ஊறிக்கொண்டு கிடந்தது. ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “டீச்சர், கல்லுல ஊறுகாய் போடுறீங்களா?” என்றான்.

இந்த வருஷமாவது மானம் போகாமல் நடத்த வேண்டும். நம் மலையில் கிடக்கும் கல்லை வைத்தே செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். பெரிய செலவு முடியாது.

---

கருங்கல் (குன்னூர்) | ஞாயிறு, இரவு 10.02

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. வினிகரில் பொங்க வேண்டுமானால் கல்லில் கால்சியம் கார்பனேட் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல், சலவைக்கல் மாதிரி. நீங்கள் பொறுக்கிய கல் சார்னோகைட். நீலகிரியின் உடம்பே அதுதான். அதில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், இரும்பு கலந்த கனிமங்கள் எல்லாம் உண்டு, சுண்ணாம்பு மட்டும் கிடையாது. வினிகர் பீப்பாயில் முக்கி வைத்தாலும் சிரிக்காது.

சாக்பீஸ் கதை வேறு. ஒரு காலத்தில் இயற்கைச் சுண்ணாம்பில் செய்தார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் எழுதுவது பெரும்பாலும் ஜிப்சம். ஜிப்சமும் பொங்காது.

பொங்குவதைக் காட்டியே தீர வேண்டும் என்றால் முட்டை ஓடு எடுங்கள். அல்லது கிளிஞ்சல். அம்மியில் பொடித்துவிட்டு ஊற்றினால் சட்டென்று நுரைக்கும். முழுசாகப் போட்டால் மெதுவாகத்தான் குமிழி வரும், பிள்ளைகள் அதற்குள் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் அதே வினிகரை உங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்லிலும் ஊற்றுங்கள். ஒன்று பொங்குகிறது, ஒன்று சும்மா இருக்கிறது. போன வருஷம் உங்களுக்குக் கிடைத்ததும் இந்தச் சோதனையில் பாதிதான். மறு பாதியைப் பக்கத்தில் வைக்காமல் விட்டுவிட்டீர்கள், அவ்வளவே.

---

கூடலூர் ரோஜா | திங்கள், காலை 6.45

டீச்சர், நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் பக்கம் வந்தால் உங்களுக்கு வேறு கல் கிடைக்கும்.

சேரம்பாடி பக்கம் காக்காப்பொன் (மைக்கா) கிடைக்கும். அந்தக் காலத்தில் சுரங்கமே இருந்தது. ஒரு சின்னத் துண்டை வெயிலில் காட்டினாலே போதும், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். ஒரு ஏட்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். ‘கல்லு வழியா உன்னைப் பார்க்கிறேன்’ என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வது அரைமணி நேரம் ஓடும். விளிம்பு மட்டும் வெட்டும், அதனால் முதலில் நாமே பிரித்து ஓரத்தில் செலோடேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வெட்டுக்கல். எங்கள் ஊரில் பல வீட்டுச் சுவர் அதில்தான். சிவப்பாக, ஓட்டை ஓட்டையாக. தண்ணீரில் போட்டால் ‘புசு புசு’ என்று காற்றுக் குமிழி வரும். வினிகர்கூட வேண்டாம்! கருங்கல்லையும் வெட்டுக்கல்லையும் ஒரே வாளியில் போட்டு எது மூச்சு விடுகிறது என்று கேட்பேன். அப்படியே குனிந்து காதை வாளிக்குள் விடுவார்கள்.

---

கருங்கல் (குன்னூர்) | திங்கள், காலை 7.30

ரோஜா அம்மா சொன்ன வெட்டுக்கல் பற்றி ஒன்று. அதற்கு ‘லேட்டரைட்’ என்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் கூடலூரிலிருந்து மலை இறங்கினால் வரும் மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் பிறந்தது. 1807-இல் வெளியான பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலில்தான் அந்தப் பெயர் வருகிறது. லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். வேலையாட்கள் அதைச் செங்கல் அளவில் வெட்டியதைப் பார்த்து வைத்த பெயர். அங்கே அதற்கு ஒரு நினைவுச்சின்னமும் இருக்கிறது.

இது பிள்ளைகளுக்கு வேண்டாம். டீச்சருக்கு.

---

ஜல்லி வண்டி (ஊட்டி) | திங்கள், மதியம் 1.20

நான் டீச்சரில்லை, கட்டட வேலை. சாப்பாட்டு நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். என் பொண்ணும் பால்வாடி போகிறாள், அதனால் சொல்கிறேன்.

கட்டடம் நடக்கும் இடத்தில் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ் (பொடி ஜல்லி), எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) என்று ஒரே கல்லே ஐந்து அளவில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டாங்குச்சி கேட்டால் எந்த மேஸ்திரியும் இல்லை என்று சொல்ல மாட்டார். பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். சல்லடை இரண்டு விதம் இருந்தால் இன்னும் நல்லது. சலிப்பது என்றால் பிள்ளைகளுக்கு உயிர். என் பொண்ணு மணலைச் சலித்துவிட்டு, சலித்ததையும் சலிக்காததையும் மறுபடி கலந்து மறுபடி சலிப்பாள். வேலைக்கு ஆள் கிடைக்காத நாளில் கூட்டிப் போகலாம் போல.

எம்-சாண்டைக் காயக் கொடுக்காதீர்கள். தூசு மூச்சில் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள்.

---

பவானியம்மா (குன்னூர்) | திங்கள், மாலை 4.05

ஜல்லி தம்பி, நல்லதுதான் சொன்னாய். ஆனால் அரை ஜல்லியையும் சிப்ஸையும் மூன்று வயசுப் பிள்ளை கையில் கொடுக்காதே அப்பா. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். மூக்கு, காது, வாய், மூன்றும் அவர்களுக்குப் பை மாதிரி. கேஸ் வரும்போது பாதி நேரம் வீட்டிலேயே ஹேர்பின்னை விட்டு நோண்டி உள்ளே தள்ளிவிட்டுத்தான் கூட்டி வருவார்கள்.

பொம்மைகளுக்கு ஒரு அளவுச் சோதனை உண்டு: 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயசுக்குக் கீழே ஆகாது. என் கணக்கு அதைவிடக் கறாரானது. உன் பிள்ளை கை முஷ்டியைவிடச் சிறிசா, கொடுக்காதே. சிப்ஸைப் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கி ஒட்டிக் காட்டு. குலுக்கிப் பார்க்கட்டும்.

மூக்கில் போட்டுவிட்டால் நோண்டக் கூடாது. அழ விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. கல் பொறுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முதலில் பெரியவர்கள் ஒரு குச்சியால் கல்லைப் புரட்டுங்கள். அடியில் தேள் இருக்கும். மழைக்காலம் என்றால் அட்டை வேறு.

---

ஜல்லி வண்டி (ஊட்டி) | திங்கள், மாலை 4.31

சரிம்மா. பாட்டில்தான் சரி. ஆனால் பெட் பாட்டிலுக்கு நம்ம மாவட்டத்தில் தடை ஆச்சே 😄 ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணாடி, உடையும். பழைய பிளாஸ்டிக் மளிகை டப்பா தேட வேண்டும்.

---

கொடைக்காரன் (கொடைக்கானல்) | திங்கள், இரவு 8.50

பழனி மலைப் பக்கமிருந்து ஒரு அப்பா. எங்கள் மலையிலும் இதே சார்னோகைட்தான். தூண் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனி விலகும்போது அந்தக் கல் எப்படி நிற்கும் என்று.

தாண்டிக்குடி பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன. மூன்று பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு மூடிக்கல். இறந்தவர்களுக்காக ஆதிகாலத்தில் எழுப்பியவை. நான் என் மகனுக்கு இறந்தவர் கதையெல்லாம் சொல்லவில்லை. ‘கல்லு வீடு’ என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவனே முற்றத்தில் உடைந்த ஓடு, தட்டைக்கல் எல்லாம் சேர்த்து ஒன்று கட்டினான். பக்கக்கல் விழும், நிறுத்துவான், கூரை வைப்பான், எல்லாம் விழும். கடைசியில் அடியில் ஈரமண்ணை வைத்து அழுத்தி நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தான். நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மலைக்காற்று டீச்சர், உங்கள் வகுப்பில் உள்ளங்கை அளவுத் தட்டைக்கல் இருபது போட்டுப் பாருங்கள். அசல் கல்திட்டை மேல் மட்டும் யாரையும் ஏற விடாதீர்கள்.

---

மூன்றாவது வளைவு (குன்னூர்) | செவ்வாய், காலை 10.15

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். என் மகளுடைய பள்ளியில் போன வருஷம் இதே மாதிரி கல்லைத் தொடு, கல்லைக் கழுவு என்று ஒரு மாசம் போனது. பக்கத்து வீட்டுப் பையன், வேறு பள்ளி, எல்.கே.ஜி.தான், ‘தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை’ என்று மூன்றும் கடகடவென்று சொல்கிறான். என் மகள் ‘என் கல்லு குளிக்கும்போது கறுப்பு, காய்ஞ்சா சாம்பல்’ என்கிறாள். ஃபீஸ் கட்டுகிற எனக்கு எப்படி இருக்கும்?

---

மலைக்காற்று (கோத்தகிரி) | செவ்வாய், மதியம் 12.40

கோபமெல்லாம் இல்லைங்க. இந்தக் கேள்வி ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் வரும். அந்த மூன்று பெயரையும் என்னாலும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்ய வைக்க முடியும். ஆனால் ‘படிவுப்பாறை’ என்று சொல்கிற பையனிடம் ஒரு கல்லைக் கொடுத்து இது எது என்று கேளுங்கள். மேலே பார்ப்பான்.

உங்கள் மகள் சொன்னது அவளே கண்ணால் பார்த்தது. எனக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் நான் சொல்வது சரிதானா என்று கருங்கல் சார்தான் சொல்ல வேண்டும்.

---

கருங்கல் (குன்னூர்) | செவ்வாய், மாலை 6.20

மாட்டிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன்.

கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னை பல்லாவரத்துப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் இந்தப் பாறைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார்; 1900-இல் விரிவான நூலே எழுதினார். அவர் அதைத் தீப்பாறை என்றார். பின்னால் வந்தவர்கள் இல்லை, இது பூமிக்குள் வெந்து உருமாறியது என்றார்கள். இரண்டும் உண்டு, இடத்துக்கு இடம் வேறு என்றார்கள் இன்னும் சிலர். நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. நானே மாநாட்டில் ஒரு நண்பரோடு இதற்காகக் கத்தியிருக்கிறேன், மதியச் சாப்பாட்டில் தனித்தனி மேசையில் உட்கார்ந்தோம்.

ஆக, பக்கத்து வீட்டுப் பையனிடம் நம் வாசல் கல்லைக் கொடுத்து மூன்றில் எது என்று கேட்டால், அவன் மேலே பார்ப்பதுதான் நேர்மையான பதில். நாங்களும் மேலேதான் பார்த்தோம்.

மகள் சொன்ன ‘குளிக்கும்போது கறுப்பு’ அருமை. காய்ந்த கல்லின் முகம் சொரசொரப்பு. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பினால் உள்நிறம் தெரிகிறது. நாங்களும் பாறையைப் பார்க்கும்போது முதலில் செய்வது நனைப்பதுதான். ஆய்வகத்திலில்லை, ஆற்றோரத்தில், சிலசமயம் எச்சில் தொட்டு. (பவானியம்மா மன்னிக்க.)

---

கொடைக்காரன் (கொடைக்கானல்) | செவ்வாய், இரவு 9.05

சார், ஒரு மறுப்பு. வகை வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். பெயர் ஏன் வேண்டாம்? என் மகனுக்கு நாலு வயசு, ‘டைரனோசாரஸ்’ சொல்கிறான். ‘சார்னோகைட்’ அதைவிடச் சுலபம். பெரிய பெயர் என்றால் பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரி. நம் மலைக்கு நம் பிள்ளைக்குப் பெயர் தெரியக் கூடாதா?

---

கருங்கல் (குன்னூர்) | செவ்வாய், இரவு 9.30

தோற்றேன். பெயர் சொல்லுங்கள். 250 கோடி வருஷப் பழைய கல் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தாத்தாவும் டைனோசரும் ஒரே காலம்.

---

மூன்றாவது வளைவு (குன்னூர்) | புதன், காலை 9.50

சார், நன்றி. சிரித்துவிட்டேன். மகளிடம் இன்று சாரி சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஒரு கேள்வி. நீலகிரி எரிமலையா? மகள் கேட்கிறாள். யூடியூபில் கல் என்றாலே எரிமலைதான் காட்டுகிறார்கள்.

---

கருங்கல் (குன்னூர்) | புதன், காலை 10.10

இல்லவே இல்லை. பூமியின் ஆழத்தில் உருவான பாறை மேலே தூக்கப்பட்டு, மேலிருந்ததெல்லாம் மழையில் கரைந்து போய், இன்று 2,637 மீட்டரில் தொட்டபெட்டாவாக நிற்கிறது. எரிமலைக் கல் வேண்டும் என்றால் கால் தேய்க்கும் ப்யூமிஸ் வாங்குங்கள், மிதக்கும். வாங்கும்போது பாருங்கள், கடையில் பாதி சுட்ட மண். எங்கள் வீட்டு அம்மாள் வாங்கியது கல் மாதிரியே முழுகிவிட்டது.

---

கேத்தி காற்று | புதன், இரவு 10.40

இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 2009 நவம்பர் மழையில் நான் எட்டாவது படித்தேன். எங்கள் மேட்டு வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. இன்று நானும் பால்வாடி டீச்சர். மழை விடாமல் பெய்தால் என் வகுப்பில் சில பிள்ளைகள் ‘கல்லு வருமா டீச்சர்’ என்று கேட்கிறார்கள். வீட்டில் பேசுவது காதில் விழும் இல்லையா.

நான் செய்வது இது. இரண்டு சாய்ந்த தட்டு. ஒன்றில் வெறும் சிவப்பு மண், மேலே நாலு கல். இன்னொன்றில் வேரோடும் மண்ணோடும் பெயர்த்த புல், அதே மாதிரி நாலு கல். பூவாளியால் தண்ணீர். வெறும் மண்ணில் கல் உருண்டு கீழே வந்துவிடும், தண்ணீர் ரத்தச் சிவப்பாக ஓடும். புல் உள்ள தட்டில் கல் அசையாது, தண்ணீரும் கிட்டத்தட்டத் தெளிவாக வரும். நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. ஒரு பெண் குழந்தை மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து அந்த வெறும் தட்டில் நட்டாள். பிடுங்கிய இடத்தில் இப்போது வெறும் மண் என்பது அவளுக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை.

பயப்படுகிற பிள்ளையை முன்னால் உட்கார வைக்காதீர்கள். பூவாளியை அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள்.

---

பவானியம்மா (குன்னூர்) | புதன், இரவு 10.58

நல்லா இரும்மா.

---

மட்டுறுத்துநர் | வியாழன், காலை 8.00

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: காட்டு இலாகா எல்லைக்குள் கல் எடுப்பது பற்றி யாரும் வழி சொல்ல வேண்டாம். எஸ்டேட் கல் என்றாலும் கேட்டு எடுங்கள்.

---

மலைக்காற்று (கோத்தகிரி) | அடுத்த சனி, இரவு 8.15

ஒரு வாரம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்களன்று கழுவும் நாள். நான் முன்பே பொறுக்கி வைத்த கல், ஒவ்வொன்றும் முஷ்டியைவிடப் பெரிசு, பழைய டூத்பிரஷ், வாளி. ஒரு கல்லின் பழுப்புத் தோல் ஒரு ஓரத்தில் ஏற்கெனவே உடைந்து, உள்ளே நீலம் கலந்த சாம்பல் தெரிந்தது. அந்தக் கல்லை எடுத்தவன் மற்ற இடத்தையும் ‘நீலமாக்க’ பிரஷால் இருபது நிமிஷம் தேய்த்தான். ஆகவில்லை. “அழுக்கு இல்ல டீச்சர், இதோட தோலு” என்று அவனே முடிவு கட்டினான். நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்ததை அவன் பிரஷால் கண்டுபிடித்துவிட்டான். பிறகு எல்லோரையும் கேட்டுக்கு வெளியே சாலை வெட்டிய மண்மேட்டுக்குக் கூட்டிப் போய், வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிந்து நிற்கும் உருண்டைக் கல்லைக் காட்டினேன். தொடவில்லை, தள்ளி நின்று பார்த்தோம்.

செவ்வாய் வாளி. வெட்டுக்கல் துண்டு ரோஜா அக்கா பஸ்ஸில் கொடுத்தனுப்பினார், நன்றி அக்கா. மூச்சு விட்டது. இரண்டு பேர் சட்டை முழுக்க நனைந்து, மாற்றுத் துணி இல்லாமல் என் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்க் குளிரில் தண்ணீர் விளையாட்டைப் பத்து மணிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். என் தப்பு.

புதன் முட்டை ஓடு. பொங்கியது! கல்லில் ஊற்றினேன், பொங்கவில்லை. “கல்லுக்குப் புளிக்கல” என்றாள் ஒருத்தி.

வியாழன் குலுக்கல். உடைந்த செங்கல் நாலு துண்டு, கூர் விளிம்போடு. மளிகை டப்பாவில் தண்ணீரோடு போட்டு, ஒவ்வொருத்தரும் பத்துக் குலுக்கு. 17 பேர், இரண்டு சுற்று, ஆக 340. தண்ணீர் சிவந்தது, முனை மழுங்கியது. பக்கத்தில் ஆற்றுக் கூழாங்கல்லை வைத்தேன். இரண்டையும் மாறி மாறித் தடவினார்கள். “ஆறு குலுக்கிச்சா?” என்று ஒரு பையன் கேட்டான்.

காந்தமும் செய்தோம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓடை மணலில் இழுத்தால் கறுப்பாக மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டது. மேக்னடைட்தானே சார்? துணியைப் பிரித்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. இது இத்தனை நேரம் பிடிக்கும் என்று நினைக்கவில்லை, மதியச் சாப்பாடு தள்ளிப் போனது.

கல்வீடு சொதப்பல். தட்டைக்கல் ஏழுதான் கிடைத்தது, 17 பேருக்கு. சண்டை. ஒரு விரல் நசுங்கியது, லேசாகத்தான். அடுத்த வாரம் நாலு நாலு பேராகப் பிரித்துச் செய்கிறேன்.

வெள்ளியன்று கடைசியாகக் காக்காப்பொன். ஒரு துண்டுதான், ஓரம் ஒட்டியது. கை மாறி மாறி வந்தது. எனக்குப் பெரிய பெயர் சொல்ல ஆசை, கொடைக்காரர் சொன்னதற்காக. ‘இது மைக்கா’ என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாவதாக வாங்கியவன் ஏட்டை விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், வர்க்கி” என்றான். அவன் அப்பாவுக்கு பேக்கரி, ஏடு ஏடாக உதிரும் நம் ஊர் வர்க்கி பிஸ்கட் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதோடு முடிந்தது, அந்தக் கல்லின் பெயர் வர்க்கிக் கல்.

சாயங்காலம் ஒரு அம்மா போன் செய்து, வாஷிங் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம், திறந்து பார்த்தால் பையன் டவுசரில் கல் என்றார். அது என் முஷ்டிக் கணக்குக் கல் இல்லை, வழியில் பொறுக்கியது.

---

கருங்கல் (குன்னூர்) | சனி, இரவு 8.52

மேக்னடைட்தான். ‘ஆறு குலுக்கிச்சா’ என்ற பையனை எனக்குத் தெரிய வேண்டும்.

---

கூடலூர் ரோஜா | சனி, இரவு 9.20

டீச்சர், வர்க்கிக் கல் இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். திங்கள் காலை பஸ்ஸில் அனுப்புகிறேன், கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு நிஜ வர்க்கி அரைக்கிலோ.